திருப்பதி பழைய புத்தகக் கடையோட ஹிந்தி அலமாரி: 5க்கு 3.5 கொடுக்கலாம்

நகரிங்கற எங்க ஊர்ல இருந்து மாசத்துக்கு ஒரு தடவையாவது திருப்பதி போவேன், பெருமாளுக்காகத்தான் போறேன்னு வீட்ல நெனச்சுட்டு இருக்காங்க, நெனச்சுட்டுப் போகட்டும். ஏகாம்பரகுப்பத்துல ரயில் ஏறி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டி திருப்பதில எறங்கினா ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை. கடைக்கு போர்டு கெடையாது, பேரும் கெடையாது, அதனாலதான் இங்கயும் பேர் போடல. கீழ செருப்புக் கடை, அதை ஒட்டினாப்ல செங்குத்தா ஒரு படிக்கட்டு, புடவை கட்டிட்டு ஏறினா ஒரு கையில கொசுவத்தைப் பிடிச்சுக்கணும், மேல போனா ஒரே ஹாலு, தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் புத்தகம். தெலுங்குதான் முக்கால்வாசி. எம்செட் கைடு, வெங்கடேச சுப்ரபாதம், ஜோசியம் எல்லாம் முன்னாடி. தமிழ் ஒரு ரெண்டு தட்டு, அதுல பாதி பழைய வாரப் பத்திரிகைல இருந்து கிழிச்சு பைண்டு பண்ணின தொடர்கதை. நான் சொல்லப் போறது கடைசி சொவத்துல, ஜன்னலுக்கு எதுத்தாப்ல இருக்கற ஹிந்தி அலமாரியப் பத்தி மட்டும்தான்.

நான் யாருன்னா, இருபத்திரெண்டு வருஷமா வீட்டுத் திண்ணையில ஹிந்தி டியூஷன் எடுக்கறவ. ஹிந்தி பிரசார சபா பரீட்சைங்கதான், பிராத்மிக்ல ஆரம்பிச்சு மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் வரைக்கும். இந்தப் பரீட்சைங்கள எழுதினவங்களுக்குத் தெரியும், 'லேகக் பரிச்சய்'னு ஒரு கேள்வி வரும், எழுத்தாளரைப் பத்தி பத்து வரி எழுதணும். பொறந்த வருஷம், ஊரு, எழுதின புக்கு நாலு, செத்த வருஷம், முடிஞ்சது. பிரேம்சந்த்னா 1880, லமஹி, காசிக்குப் பக்கம், நிஜப் பேர் தன்பத் ராய், கோதான், கபன், நிர்மலா, 1936. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், என் பசங்களும் சொல்லும். ஆனா அந்தாளு எப்படி இருந்தாரு, சாப்பிட்டாரா, கடன் இருந்துச்சா, பொண்டாட்டிகூட சண்டை போட்டாரா, இதெல்லாம் எனக்கே தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு தோணினதும் இல்ல. இந்தக் கடைக்கு அப்பறம்தான் தோணுச்சு.

மொதல்ல அலமாரி எப்படி ரொம்புதுன்னு சொல்லிடறேன், ஏன்னா அது தெரிஞ்சாதான் எப்பப் போகணும்னு தெரியும். கடைக்காரர் தெலுங்குக்காரர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், நான் 'பெத்தாயன'ன்னுதான் கூப்பிடுவேன், பெரியவர்னு அர்த்தம், அவர் என்னை 'டீச்சரம்மா'ம்பார், தமிழ் நல்லாவே பேசுவார், கோவம் வந்தா மட்டும் தெலுங்கு. திருப்பதில காலேஜ், யுனிவர்சிட்டின்னு நெறைய இருக்கறதால ரிட்டயர் ஆன ஹிந்தி வாத்தியாருங்க ஊர்ல நெறைய பேர். அவங்க காலமானா பசங்க எங்கேயோ வெளிநாட்டுல இருந்து வந்து ஒரு வாரத்துல வீட்டைக் காலி பண்ணணும். 'அப்ப மொதல்ல வெளிய வர்றது ஹிந்தி புக்குதாம்மா, தெலுங்கு புக்கை பக்கத்து வீட்டுக்காரங்களாவது கேப்பாங்க, ஹிந்தி புக்கு அந்த சார் ஒருத்தருக்குத்தான் தெரியும்'னு சொன்னார். எடைக்கு வாங்கறார், தனித்தனியா விலை போட்டு விக்கறார். அதனால இங்க வர்ற புக்கு எல்லாம் ஒரு மனுஷன் நாப்பது வருஷம் சேர்த்தது, பரீட்சை நோட்ஸ் மாதிரி குப்பை கம்மி, உருப்படியான வாழ்க்கை வரலாறு, விமரிசனம், நினைவுக் குறிப்பு எல்லாம் ஒரே கட்டா வரும்.

நான் மொதமொதல்ல எடுத்தது 'கலம் கா சிபாஹி', பிரேம்சந்த்தோட பையன் அம்ருத் ராய் அப்பாவப் பத்தி எழுதினது, 1962ல வந்து அடுத்த வருஷமே சாகித்ய அகாதமி வாங்கின புக்கு, தலகாணி சைஸ், 180 ரூபா சொன்னார், 150க்கு முடிஞ்சுது. பையன் எழுதினதுன்னா அப்பாவ சாமியாக்கி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன், அப்படி இல்ல. நவாப் ராய்ங்கற பேர்ல உருதுல எழுதிட்டு இருந்தவர், 'சோஸே வதன்'னு ஒரு சின்ன கதைத் தொகுப்பு, அதை ராஜதுரோகம்னு வெள்ளைக்காரன் பறிமுதல் பண்ணின கதை, அதுக்கப்பறம் பேரை மாத்திக்க வேண்டியதாப் போயி பிரேம்சந்த் ஆனது, 1921ல காந்தி பேச்சைக் கேட்டுட்டு சர்க்கார் வேலைய விட்டது, அச்சாபீஸ் வெச்சுக் கடன்ல மாட்டினது எல்லாம் நிதானமா சொல்லிட்டுப் போறார். ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது அதே கட்டுல இருந்த ஒல்லி புக்கு, 'பிரேம்சந்த் கர் மேங்', வீட்டுல பிரேம்சந்த்னு அர்த்தம், எழுதினது அவர் சம்சாரம் ஷிவ்ராணி தேவி. பால்ய விதவையா இருந்தவங்கள 1906ல அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, இந்தம்மாவும் கதை எழுதினவங்க, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போனவங்க. அதுல ஒரு எடம், குளிர் காலம், கம்பளி கோட்டு தெச்சுக்கங்கன்னு காசு கொடுக்கறாங்க, இவர் போயி அச்சாபீஸ் ஆளுங்களுக்குக் கூலியா கொடுத்துட்டு வெறுங்கையோட வர்றார், மறுபடி கொடுக்கறாங்க, மறுபடியும் அதே. அதைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவர் பேப்பர்ல இருந்து தலைய எடுக்காம 'அந்தம்மா பாவம்'னார். கரெக்ட்தான். நாம பத்து வரில 'உதார் ஹிருதய்', தாராள மனசுன்னு எழுதிட்டு அஞ்சு மார்க் வாங்கிட்டுப் போயிடறோம், குளிர்ல நடுங்கற மனுஷனோட குடும்பம் நடத்தினது அவங்க.

பிரேம்சந்த் 1934 டிசம்பர்ல மெட்ராஸுக்கே வந்திருக்கார், ஹிந்தி பிரசார சபா பட்டமளிப்பு விழாவுல பேச, அதாவது நான் எந்த சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேனோ அதே சபா. அது சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. இன்னொண்ணு, அவரோட 'சேவாசதன்' நாவல்தான் 1938ல கே. சுப்ரமணியம் தமிழ்ல படமா எடுத்தது, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மொதப் படம். அதே சமயத்துல ராஜாஜி ஸ்கூல்ல ஹிந்தியக் கட்டாயமாக்கினார்னு மெட்ராஸ்ல தெருத் தெருவா மறியல், ஜெயில். எங்கண்ணன் திருத்தணில இருக்கான், என்னைப் பாத்தாலே 'ஹிந்திக்காரி வந்துட்டா'ம்பான், அவன்கிட்ட இதைச் சொன்னேன், வெளிய ஹிந்தி ஒழிகன்னு கோஷம் போட்டுட்டு இருந்த அதே காலத்துல உள்ள தியேட்டர்ல ஹிந்திக்காரன் கதைக்கு அழுதுட்டு இருந்திருக்காங்க பாருடான்னு. கதை வேற கட்டாயம் வேறடின்னு சொல்லிட்டான். பேச முடியல.

சரி கடைக்கு வர்றேன். அலமாரில எனக்கு ரொம்பப் பிடிச்சது மகாதேவி வர்மாவோட 'பத் கே சாத்தி', கூட எழுதினவங்களப் பத்தி அந்தம்மா எழுதின நினைவுக் குறிப்பு. 60 ரூபா. கவிஞர் நிராலாவப் பத்தி ஒரு எடம் வருது. அவர் கையில 300 ரூபா வந்துச்சு, எனக்குக் கணக்கு வழக்கு தெரியாது, நீங்களே வெச்சு மாச பட்ஜெட் போட்டுக் கொடுங்கன்னு மகாதேவிகிட்ட கொடுக்கறார். இந்தம்மாவும் உக்காந்து கணக்குப் போடறாங்க. அடுத்த நாளே வந்து நிக்கறார், ஒரு பையனுக்குப் பரீட்சை பீஸ் கட்டணுமாம். அப்பறம் யாரோ எழுத்தாளர் நண்பருக்கு. அப்பறம் லக்னோல ஒரு குதிரை வண்டிக்காரனோட அம்மாவுக்கு மணியார்டர். அப்பறம் ஒரு கல்யாணச் செலவு. பட்ஜெட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பணம் காலி. நான் வாங்கின காப்பில அந்தப் பக்கத்து ஓரத்துல, முன்னாடி வெச்சிருந்த சார் பென்சில்ல 300ன்னு எழுதி, கீழ ஒவ்வொண்ணா கழிச்சுட்டே வந்து, கடைசில பெருசா ஒரு முட்டை போட்டிருக்கார். முட்டைக்குப் பக்கத்துல தெலுங்குல 'நா ஜீதம்'னு ரெண்டு வார்த்தை, என் சம்பளம்னு அர்த்தம். கடையிலயே நின்னு சிரிச்சேன், பெத்தாயன எட்டிப் பாத்துட்டு 'ஆ சாருக்கு நாலு பொண்ணுங்கம்மா'ன்னார். பரீட்சை பீஸ் கட்ட முடியாத பசங்க எனக்கும் வருஷத்துக்கு ரெண்டு பேராவது வரும், பிப்ரவரில ஒண்ணு ஆகஸ்ட்ல ஒண்ணு, அதனால நிராலா அன்னிக்கு எனக்கு ரொம்ப நெருக்கமாயிட்டார்.

அந்த நிராலா, பொறந்து வளந்தது வங்காளத்துல, மகிஷாதல்ங்கற ஊரு, வங்காளம்தான் சரளம், ஹிந்தி பக்கம் இழுத்து விட்டதே சம்சாரம் மனோகரா தேவி. 1918 இன்ஃபுளுயன்சா சமயத்துல சம்சாரமும் குடும்பத்துல இன்னும் பல பேரும் போயிட்டாங்க. மிச்சமிருந்த பொண்ணு சரோஜும் 1935ல போயிட்டா, இருபது வயசு கூட ஆகல. அப்பத்தான் 'சரோஜ் ஸ்ம்ருதி' எழுதினார். இதை விஷாரத் பசங்களுக்கு 'ஷோக் கீத்', இரங்கல் பாட்டுன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவ நான், அதுவும் ஏழெட்டு வருஷமா. அந்தக் கவிதையில பொண்ணுக்கு ஒண்ணுமே செய்யாத அப்பன் நான்னு தன்னையே திட்டிக்கறார், அது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

இப்ப மெயின் விஷயம். ராங்கேய ராகவ். நான் டியூஷன்ல இவரை ராஜஸ்தான் எழுத்தாளர்னுதான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் பெத்தாயன ஒரு கட்டைப் பிரிச்சுக்கிட்டே 'டீச்சரம்மா, இவரு நம்ம கொண்டகாரு'ன்னார், ஜன்னல் பக்கம் கையக் காட்டி. கொண்டன்னா மலை. எனக்குப் புரியல. அப்பறம் முன்னுரையப் படிச்சுப் பாத்தா, நிஜப் பேர் திருமலை நம்பாக்கம் வீரராகவ ஆச்சார்யா! அப்பா பேர் ரங்காச்சார்யா, அதுல இருந்துதான் 'ராங்கேய', ரங்கனோட பையன். முன்னோருங்க திருப்பதிப் பக்கத்துல இருந்து பரத்பூர் சீமையில வைர்ங்கற ஊருக்குக் கோயில் கைங்கரியத்துக்குப் போன தமிழ் வைஷ்ணவக் குடும்பம். இவர் 1923ல ஆக்ராவுல பொறந்து, 1962ல கேன்சர்ல பம்பாய்ல செத்துட்டார், 39 வயசு. அதுக்குள்ள நூத்துக்கும் மேல புக்கு. வங்காளப் பஞ்சத்தப்ப ஆக்ராவுல இருந்து போன மருத்துவக் குழுவோட நேரா போயி பாத்துட்டு எழுதினது, மொகஞ்சதாரோவ வெச்சு நாவல், கோரக்நாதரைப் பத்தி டாக்டரேட், ஷேக்ஸ்பியர் மொழிபெயர்ப்பு, மனுஷன் தூங்கினாரா இல்லையான்னே தெரியல. ஜன்னல் வழியா அந்த மலையப் பாத்துக்கிட்டே திருமலைங்கற பேரைப் படிச்சேன், அந்தக் கடையில எனக்குக் கெடச்ச பெரிய சந்தோஷம் அதுதான்னு வெச்சுக்கங்களேன், அதுக்கு மட்டும் தனியா அரை ஸ்டார் சேத்திருக்கேன்.

இவர் பண்ணின இன்னொரு காரியம், பழைய ஹிந்திக் கவிஞர்கள் வாழ்க்கையவே வரிசையா சின்னச் சின்ன நாவலா எழுதிட்டார். கபீருக்கு 'லோயி கா தானா', துளசிதாசருக்கு 'ரத்னா கீ பாத்', வித்யாபதிக்கு 'லகிமா கீ ஆங்கேங்', பாரதேந்துவுக்கு 'பாரதீ கா சபூத்'. தலைப்பைக் கவனிங்க, கபீரை லோயி பேர்லயும், துளசிய ரத்னாவலி பேர்லயும் கூப்பிடறார், வீட்டுப் பொம்பள வழியா உள்ள நுழையறார். எல்லாமே கைக்கு அடக்கமா நூத்தி சொச்சம், இருநூறு பக்கத்துக்குள்ள, 30லேர்ந்து 50 ரூபா. ஹிந்தி ஓரளவு படிக்கத் தெரிஞ்சு, நேரா பெரிய விமரிசன புக்குல மண்டைய உடைச்சுக்க வேணாம்னு நெனக்கறவங்க இதுல ஆரம்பிக்கலாம். வரலாறா கேட்டா கொஞ்சம் கற்பனைதான், அதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க, பரீட்சையில எழுதிடாதீங்க.

இனிமே கொறை. அவரோட 'கப் தக் புகாரூங்', நட் சாதி ஜனங்களப் பத்தின பெரிய நாவல், 90 ரூபா கொடுத்து ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தேன், நடுவுல ஒரு பாரம் முழுசா காணோம், பதினாறு பக்கம். கதை சூடு பிடிக்கற எடத்துல சட்டுன்னு வேற எங்கயோ போயி நிக்குது, நான் என் ஹிந்திதான் சரியில்லயோன்னு ரெண்டு தடவ திருப்பிப் படிச்சேன், அப்பறம்தான் பக்க நம்பரைப் பாத்தேன். அடுத்த மாசம் கொண்டு போயிக் கேட்டா 'பழைய புக்குல அப்படித்தாம்மா இருக்கும், வாங்கறப்பவே பாத்துக்கணும்'னுட்டார். பணம் திருப்பித் தர மாட்டார், பாதி விலைக்குக் கழிச்சுக்கிட்டு வேற புக்கு தருவார், அவ்ளோதான். நான் விடல, அவரும் விடல, தெலுங்கு வந்துருச்சு, கடைசில 60க்குக் கழிச்சுக்கிட்டார். பில்லும் கெடையாது. ஒரு ஸ்டார் இதுக்குக் கட். அதனால போறவங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல பக்க நம்பரை ஓட்டிப் பாத்துருங்க, முக்கியமா தையல் பிரிஞ்சிருந்தா. மீதிப் பக்கத்துக்காக அதே நாவலை ஒரு ஆன்லைன் கடையில புதுசா ஆர்டர் போட்டேன், வந்தது ஜெராக்ஸ் எடுத்து பைண்டு பண்ணினாப்ல, எழுத்தோட மாத்திரைக் குறி எல்லாம் பாதி அழிஞ்சு, 'கி'யா 'கீ'யான்னு தடவிப் பாக்க வேண்டியிருந்துச்சு, ரிட்டர்ன் எடுக்க ஆள் வருதுன்னு மூணு வாரம் மெசேஜ்தான் வந்துச்சு, ஆள் வரல. அதுக்கு பெத்தாயன எவ்ளோ மேல்னு ஆகிப்போச்சு.

தூசி பயங்கரம். ஆஸ்துமா இருக்கறவங்க மாஸ்க் இல்லாம ஏறாதீங்க. ஃபேன் ஒண்ணே ஒண்ணு, அதுவும் அவர் தலைக்கு மேல. மழைக் காலத்துல கீழ்த் தட்டுல புழு அரிச்ச புக்கு இருக்கும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு உள்ள சேருங்க, நான் போடாம வெச்சு என் பழைய பிரவீண் புக்கெல்லாம் அரிச்சுப் போச்சு. மத்தியானம் ஒண்ணரைலேர்ந்து நாலு வரைக்கும் கடை பூட்டிடுவார். யூபிஐ உண்டு, ஆனா ஸ்கேனர் பேரன் போன்ல, பேரன் காலேஜ்ல, அதனால சில்லறை எடுத்துட்டுப் போறது நல்லது.

இன்னொரு கொறை, புதுசா எதுவுமே கெடையாது. 2022ல இன்டர்நேஷனல் புக்கர் வாங்கின கீதாஞ்சலி ஸ்ரீ நாவல் இருக்கான்னு கேட்டேன், 'வாங்கினவங்க இன்னும் உயிரோட இருக்காங்கம்மா, எப்படி வரும்'னார். அந்த பதில் எனக்கு ராத்திரி வரைக்கும் உள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. பெண் எழுத்தாளருங்கன்னு பாத்தா ஷிவ்ராணி தேவியும் மகாதேவியும் சுபத்ரா குமாரி சௌஹானும்தான், அதுக்கப்பறம் சுத்தமா நின்னு போச்சு, அந்த சாருங்க வாங்கல போல.

டியூஷன் எடுக்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ். கீழ்த் தட்டுல பழைய ஹிந்தி சந்தமாமா கட்டு இருக்கு, ஒண்ணு 20 ரூபா. அதை ரொம்ப வருஷம் எடிட் பண்ணினது பாலசௌரி ரெட்டி, 1928ல பொறந்த கடப்பா ஜில்லாக்காரர், தாய்மொழி தெலுங்கு, சென்னையில உக்காந்துக்கிட்டு வடக்குல இருக்கற கொழந்தைங்களுக்கு ஹிந்தி பத்திரிகை நடத்தினவர், தனியா நாவலும் எழுதியிருக்கார். அதுல இருக்கற ஹிந்தி சின்னச் சின்ன வாக்கியமா, வழுவழுன்னு இருக்கும், மத்யமா பசங்களுக்குப் பாடப் புத்தகத்தவிட இதுதான் ஏறுது. நான் எட்டு வாங்கினேன், ஆறு திரும்பி வந்துச்சு, ரெண்டை எந்தப் புள்ளையோ வீட்லயே வெச்சுக்கிச்சு, கேக்கல நான்.

ராகுல் சாங்கிருத்யாயன் புக்கு வேணும்னா மட்டும் தமிழ்ல பேசாதீங்க. 'வால்காவிலிருந்து கங்கை வரை' நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும்ங்கறது அவருக்கும் தெரியும், தமிழ்க் குரலைக் கேட்டாலே விலை 50 ரூபா ஏறும். நான் தெலுங்குல கேட்டு அவரோட திபெத் பயணப் புக்கு 70க்கு வாங்கினேன். கோவேறு கழுதை மேல சுவடி ஏத்திக்கிட்டு வந்த மனுஷனோட புக்குக்கு பேரம் பேசினது கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

மொத்தத்துல 3.5. விலைக்கும் சரக்குக்கும் நாலு தரலாம், அந்த பதினாறு பக்கம்தான் இழுக்குது.

கடைசியா ஒரு வேண்டுகோள். ராம் விலாஸ் சர்மா எழுதின 'நிராலா கீ சாகித்ய சாதனா' மூணு வால்யூம், அந்தாளு ஆக்ராவுல இங்கிலீஷ் புரொபசர், நிராலாகூட பழகினவர், மொத வால்யூம் முழுக்க வாழ்க்கை வரலாறு, அதுக்குத்தான் 1970ல சாகித்ய அகாதமி கெடச்சுது. ஒண்ணும் மூணும் இந்தக் கடையில வாங்கிட்டேன், ரெண்டும் ஒரே சாரோட காப்பி, உள்ள ஒரே பச்சை மையில கையெழுத்து. ரெண்டாவது இல்ல. அந்த வீட்டுல இருந்து இன்னும் ஒரு மூட்டை வர வேண்டியது பாக்கி இருக்கு, வந்ததும் எடுத்து வெக்கறேன்னு பெத்தாயன சொல்லியிருக்கார், அட்வான்ஸும் 50 ரூபா கொடுத்திருக்கேன், ஆனா அவர் மறதிக்காரர். அதனால இதைப் படிச்சுட்டு யாராவது ஏறிப் போனா, பச்சை மை கையெழுத்து போட்ட ரெண்டாவது வால்யூம் கண்ணுல பட்டா, புண்ணியமாப் போகும், தொடாம வந்துருங்க.